பெர்த்துக்கு அடியில் நுழையும் மவுண்ட்

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றைக்கு மூன்றாவது மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் வந்த இரண்டு பேரையும் நான் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், மூடியைக் கழற்றாத தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னேன். ஒருவர் "சூப்பர்" என்றார். இன்னொருவர், சென்னையில் பெரிய வேலை, "சனியோட வளையம் நல்லாத் தெரியுதுங்க" என்றார். சனி அப்போது உதிக்கவே இல்லை. இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொன்னதற்கு அம்மாவிடம் வேறு வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன். மூடி விஷயம் தெரிந்தால் என்னைக் கொன்றுபோடுவாள்.

இன்று வந்தவர் லோகோ பைலட். அம்மா பாஷையில் ரயில் டிரைவர். ஊர் நாகர்கோவில், வேலை ஈரோட்டில், பெயர் தாணுலிங்கம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேகத்துக்கு நடுவே சனி மட்டும் தெரிந்தது. பார்க்கச் சொன்னேன். குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியேல்ல. மூடி எடுத்தாச்சா?"

கேட்டுவிட்டு முன்பக்கம் போய் அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எல்லாரும் தெரியுது என்றுதானே சொல்வார்கள் என்று உளறினேன்.

"சிக்னல் தெரியேல்லன்னா தெரியேல்லன்னுதான் சொல்லணும். தெரியுதுன்னு சொல்லிட்டுப் போனா எல்லாரும் சேந்துல்லா போவோம்" என்றார். அப்புறம் சனியைப் பார்த்தார். நான் போதும் என்று நினைத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். மூக்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்யாணம் தை மாதம். இனிமேல் இந்த நாட்குறிப்பு மவுண்ட் வாங்குவதற்காக மட்டும். வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை.

மவுண்ட் என்றால் என்ன என்று தெரியாத சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. தொலைநோக்கிக் குழாயைத் தாங்கிப் பிடித்து, நாம் சொல்கிற திசையில் திருப்புகிற சாமான். குழாய் கண் என்றால் இது கழுத்து. என் குழாய் சின்னது, தோள்பையில் போய்விடும். ஆனால் அதைத் தாங்கும் பழைய மவுண்ட் இரும்பும் எடைக்கல்லுமாக மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவுக்குக் கோயில் தெருவில் பாத்திரக் கடை. எதையும் தராசில் ஏற்றாமல் அவருக்கு நம்பிக்கை வராது. மவுண்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்த்தார், அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா உலகு, ரெண்டு பித்தளை அண்டா எடை இருக்குது. இத எப்படி ஈரோட்டுக்குத் தூக்கிட்டுப் போவ?"

அம்மாவுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. "இங்ஙன கெடக்கட்டும். அப்புறமா எடுத்துக்கிடலாம்."

எங்கள் வீட்டில் அப்புறமா என்றால் பரண் என்று பொருள். அக்கா சொர்ணவள்ளி சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவள் வீணையையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போனாள். அவள் பெண்ணே இப்போது ஆறாம் வகுப்பு. வீணை பரணில் தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது. அக்கா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். சாமான் போவதை அல்ல, பேசாமல் ஆகிவிடுவதை.

ஆகவே விதிகள். பகலெல்லாம் பரிசோதனை நிலையத்தில் அடுத்தவர் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறவள் நான், விதி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஒன்று: குழாய், மவுண்ட், ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஒரே நடையில் நான் ஒருத்தியே தூக்க வேண்டும். தாணுலிங்கத்துக்கு எந்த நேரம் வண்டி என்று அவருக்கே தெரியாது. இரண்டு: கணினி வைத்ததாக இருக்க வேண்டும். ஈரோட்டு வெளிச்சத்தில் நட்சத்திரத்தைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. பெயரை அழுத்தினால் அதுவே திரும்பி, அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று: ரயிலில் பெர்த்துக்கு அடியில் போக வேண்டும். நல்ல இருட்டு வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் போகத்தான் வேண்டும், நமக்குக் கார் கிடையாது.

நவம்பர் 5, புதன்

பெர்த்துக்கு அடியில் எவ்வளவு உயரம் என்று தாணுலிங்கத்திடம் போனில் கேட்டேன். ரயில்காரருக்குத் தெரியாமலா இருக்கும்.

தெரியாதாம். "நான் பெட்டியில ஏறி வருசக்கணக்காச்சு. எப்பவும் முன்னால இல்லியா இருப்பேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அளவு கேட்கத்தான் போன் செய்தேன். மற்றதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தது, எழுதும்படி ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஜெபராஜ் அண்ணன் வீடு. எங்கள் வானியல் குழுவில் அண்ணனிடம்தான் மூன்று வகை மவுண்டும் இருக்கிறது. மழை ஒரு சாயங்காலம் மட்டும் விடுமுறை எடுத்துக்கொண்டது, விட்டால் கிடைக்காது என்று பஸ் ஏறிவிட்டேன்.

முதல் வகை, துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைப்பது. வெளிநாட்டில் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிமிர்ந்து நிற்கும். நம் பக்கத்தில் அது அடிவானத்தை ஒட்டிப் புகைக்குள் படுத்துக் கிடக்கும். மவுண்டும் கூடவே படுக்க வேண்டும். படுத்தால் எடைக்கல் கம்பி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கிறது. குளிர்நாட்டுக்காரனுக்குத் தைத்த சட்டை, நமக்குக் கக்கத்தில் பிடிக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது, எடைக்கல்லே இல்லாத புது வகை. இரண்டு தேங்காயைச் சேர்த்து வைத்த அளவுதான், பலம் யானை பலம். அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி எடுத்துக் காட்டினார். ஆனால் போனும் கம்பியும் பெட்டியும் இல்லாமல் ஓர் அங்குலம் அசையாது. நீண்ட நேரம் படம் பிடிக்கிறவர்களுக்கு அது தெய்வம். நான் பார்க்கிறவள், படம் பிடிக்கிறவள் அல்ல. விலையையும் கேட்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது ஒற்றைக் கை மவுண்ட். வட்டத் தட்டிலிருந்து ஒரே ஒரு கை முளைத்துக் குழாயைப் பிடித்துக்கொள்கிறது. கையடக்கமாக ஒரு பொத்தான் பெட்டி. மட்டம் பார்த்து வைத்து, வடக்கு காட்டி, தேதியும் நேரமும் ஊரும் சொன்னால் போதும், மற்றதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. குழாயை விரலால் ஒரு தட்டு தட்டினேன். சனி நடுங்கியது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. காற்றில் பழையது அளவுக்கு உறுதி இல்லைதான்.

உடனே தூக்கிப் பார்த்தேன். குழாய் முதுகில், மவுண்ட் ஒரு கையில், ஸ்டாண்டு இன்னொரு கையில். மாடியிலிருந்து தெருவரை இறங்கி மறுபடி ஏறினேன். அண்ணி காபியோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள். மேலே வந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் நடுவில் எங்கும் கீழே வைக்கவில்லை.

"தங்கச்சி, எதுக்கு இந்தப் பாடு? தூக்குறதுக்குத்தான் ஆள் வருதாம்லா?" என்றார் அண்ணன்.

"அவங்களுக்கு வாரத்துல பாதி நாள் வண்டியிலதான் அண்ணே."

"அப்ப மிச்சப் பாதி?"

மிச்சப் பாதியை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மவுண்ட் வாங்குகிறவள் மோசமான நிலைமையை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

நவம்பர் 19, புதன்

மழை. ரத்தம், சளி, சர்க்கரை. மழை.

நவம்பர் 23, ஞாயிறு

படம் வந்தது.

காலிப் பெட்டி ஒன்றின் தரையில் சீருடையோடு குப்புறப் படுத்து, பெர்த்துக்கு அடியில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் தாணு. பெட்டி கழுவ வந்தவரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். எடுத்தவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், படம் லேசாக ஆடியிருக்கிறது. சட்டையெல்லாம் அழுக்கு. கூடவே செய்தி: பழைய வகைப் பெட்டி, புது வகைப் பெட்டி இரண்டிலும் அளந்தாச்சு, ஓரப் பெர்த்தில் இடம் குறைவு, அங்கே வைக்க வேண்டாம்.

ஒற்றைக் கை மவுண்ட் இரண்டு வகைப் பெட்டியிலும் நுழையும். ஸ்டாண்டும் கால் மடக்கினால் நுழையும். ஜெபராஜ் அண்ணனிடம் வாங்கச் சொல்லிவிட்டேன். முடிவுக்குக் காரணம் எடையும் அளவும்தான்.

படத்தை அழிக்கவில்லை. அளவு மறந்துபோனால் பார்க்க வேண்டியிருக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

வந்துவிட்டது! பெட்டியைத் திறக்குமுன் அம்மா சூடம் காட்டினாள். இதற்கும் நல்ல நேரம் பார்த்தாள் என்பதை என்னவென்று சொல்ல. அப்பா நேரே தராசுக்குக் கொண்டுபோகப் பார்த்தார், நான் விடவில்லை.

இருட்டியதும் மாடிக்குப் போனேன். மட்டம் சரி, வடக்கு சரி. சனி என்று அழுத்தினேன். மோட்டார் உறுமிக்கொண்டு திரும்பியது, நின்றது. கண்ணை வைத்தால் வெறும் வானம். சனி அதற்குக் கொஞ்சம் கிழக்கே நின்று வேடிக்கை பார்த்தது. வேறு நட்சத்திரம் சொன்னேன், அதற்கும் மேற்கே தள்ளிப் போய் நின்றது. மட்டத்தை மாற்றினேன், வடக்கை மாற்றினேன், திரும்பத் திரும்ப அதே கதை. ஒரு மாதம் அலைந்து வாங்கிய சாமான் மக்கு என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அழுகை வந்துவிட்டது. அழுததாகப் போனில் சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடித்துவிட்டார்.

"எல்லாமே ஒரே பக்கமா ஒரே அளவு தள்ளிப் போகுதா?"

"ஆமா."

"அப்ப வண்டி சரியாத்தான் ஓடுது. நேரந்தான் தப்பு. மணி எதுல பாத்த?"

போன் என் காதில் இருந்ததால் போனில் பார்க்கவில்லை. (ஏழு மணியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம், மவுண்ட் வந்த செய்தியைச் சொல்ல வேண்டாமா.) படிக்கட்டில் நின்று அம்மாவிடம் மணி கேட்டேன், அவள் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் கூடுதல். அப்பா கடை திறக்கப் பிந்துவார் என்று நான் பிறப்பதற்கு முன்பே அம்மா அப்படி வைத்தது. வீட்டில் எல்லாரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். மவுண்டுக்குக் கழிக்கத் தெரியவில்லை.

தாணு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. "உங்க வீட்ல எல்லாரும் பத்து நிமிசம் மேற்க இருக்கீங்க" என்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி சொல்ல, நான் திருத்தினேன். சனி நட்டநடுவில் வந்து நின்றது. வளையம் இந்த வருஷம் விளிம்பைக் காட்டுகிறது, ஒரு கோடுதான். அதைப் பார்த்து நான் கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

'மணி எதுல பாத்த' என்றார். 'பாத்தீங்க' என்று சொல்லவில்லை. கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மார்கழிக்கு முன் முகூர்த்தப் பட்டு எடுக்கலாம் என்று தாணுவும் அவர் அம்மா பகவதியம்மாளும் வந்திருந்தார்கள். சேலைக் கடையில் நான்கு மணி நேரம். எடுத்தது அரக்கு, நன்றாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது மவுண்டைக் காட்டினேன். நானே உற்சாகமாகக் காட்டினேன், யாரும் கேட்கவில்லை. அத்தை நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள்.

"மக்களே, அங்க ரெண்டு ரூமாக்கும். இத எங்க கொண்டு வைக்க? இங்கயே இருக்கட்டு. அப்புறமா எடுத்துக்கிடலாம்."

அம்மா "அதானே" என்றாள். நான் தாணுவைப் பார்த்தேன். அவர் காபித் தம்ளரைப் பார்த்தார்.

"பாப்போம்மா" என்றார்.

பாப்போமாம். பெர்த்துக்கு அடியில் படுத்து அளந்த மனுஷன்.

டிசம்பர் 15, திங்கள்

போன் வந்தது. எடுக்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

வந்தது. எடுக்கவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. கோலம் பெரிதாகப் போட்டேன், இடுப்பு வலி.

டிசம்பர் 18, வியாழன்

போன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 19, வெள்ளி

இன்றும் வரவில்லை. வண்டியில் இருப்பார்.

டிசம்பர் 20, சனி

வண்டியிலேயே குடியிருக்கிறாரா என்ன?

டிசம்பர் 21, ஞாயிறு

மவுண்டின் பாட்டரி பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் நானே கூப்பிட்டேன். பாட்டரியைப் பற்றி இரண்டு வரி பேசினோம். அப்புறம் அவரே தொடங்கினார்.

"பாப்போம்னு சொன்னதுக்குக் கோவந்தானே, இல்லியா?"

"எங்க அக்கா வீணையும் அப்புறமான்னுதான் போச்சு" என்றேன். சொர்ணவள்ளி கதை முழுவதையும் சொன்னேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட.

"எங்க அம்மைகிட்ட நான் வாயால ஜெயிச்சதே கெடையாது. ஒண்ணு சொன்னா ஒம்பது வரும். செய்யணும்னா சத்தங்காட்டாம செய்துருவேன்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பாப்போம்."

போனை வைத்துவிட்டேன். சிரிப்பு வந்ததும் உண்மை, கோபம் தீராததும் உண்மை. எல்லாரும் பார்ப்பதாகவே சொல்கிறார்கள். கல்யாணப் பட்டியலில் மிக்சி இருக்கிறது, குத்துவிளக்கு இருக்கிறது, அப்பா கடையின் சகல பாத்திரமும் இருக்கிறது. மவுண்ட் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஒன்று முடிவு செய்துவிட்டேன். ஈரோட்டுக்கு வருகிறதோ இல்லையோ, கல்யாணத்துக்கு மவுண்ட் வரும்.

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். ஐயர் கையைத் தூக்கி எங்கேயோ காட்டுவார், அங்கே மண்டபத்துக் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் பார்த்தாச்சு என்பார்கள். எல்லாரும் வாழ்க்கையை அந்தப் பொய்யில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அது வேண்டாம்.

எங்கள் முகூர்த்தம் விடியற்காலை. தை மாதத்தில் அந்த நேரத்துக்கு அருந்ததி வடக்கே நல்ல உயரத்தில் இருக்கும், வெளிச்சம் வந்துவிட்டால் கண்ணுக்கு மட்டும் தெரியாது. இருட்டிலேயே மவுண்டை அதில் நிறுத்திவிட்டால் விடிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். மூன்று நாளாக விடியலில் மாடியில் ஒத்திகை பார்த்தேன். காக்காய்கள் கத்தத் தொடங்கிய பிறகும் குழாய்க்குள் தெரிகிறது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாலையும் கழுத்துமா நிக்க பொண்ணு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும்." அப்பா மட்டும், "முற்றத்துல வச்சு நான் காவலுக்கு நிக்கேன்" என்றார். அப்பா என் பக்கம் பேசியதே எனக்குக் கல்யாணப் பரிசு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜனவரி 29, வியாழன் (நாகர்கோவில்)

கல்யாணம் ஆகிவிட்டது. நேற்று எழுத நேரமே இல்லை.

நான் அலங்காரத்துக்கு உட்காருமுன், தலைக்கு எண்ணெய் வைத்த கோலத்திலேயே முற்றத்துக்கு ஓடி மவுண்டை நிறுத்தினேன். நேரத்தை மண்டபத்துக் கடிகாரத்தில் பார்க்கவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டைச் சுற்றிக் கோலப்பொடியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் யாரையும் விடவில்லை. மேளக்காரர் ஒருவர் இது என்ன வீடியோவா என்று கேட்டதற்கு, "தள்ளிப் போரும்" என்றாராம்.

தாலி ஏறியது. அந்த நிமிடத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

அம்மி மிதித்தேன். ஐயர் கையைத் தூக்கினார். "அதோ அருந்ததி. பாத்தாச்சா, பாத்தாச்சுன்னு சொல்லுங்கோ."

"இன்னும் இல்ல சாமி" என்றேன். "வெளியே வாங்க, காட்டுதேன்."

சபை கலகலத்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தாணு என் விரலைப் பிடித்தபடியே முற்றத்துக்கு நடந்தார், ஐயர் பின்னாலேயே வந்தார், அவருக்குப் பின்னால் கல்யாணமே வந்தது. கிழக்கு வெளுத்து, மலை விளிம்பு சிவந்திருந்தது. வானத்தில் ஒரு புள்ளி இல்லை.

முதலில் நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். மாலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குனிந்தேன். பிடித்துக்கொண்டிருந்தது. வெளிறிய நீலத்தில் வசிஷ்டர் பிரகாசமாக, கொஞ்சம் தள்ளி ஊசிமுனையாக அருந்ததி. தாணு குனிந்தார். சிக்னல் பார்க்கிற கண், உடனே தெரிந்துவிட்டது. "ரெண்டும் உண்டும்" என்றார்.

அடுத்தது ஐயர். குடுமியைச் சரிசெய்துகொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "எத்தனை ஜோடிக்குக் காமிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் நான் பாக்கறேன்" என்றார்.

அடுத்தது அத்தை. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏய் தாணு, ரெண்டு பேரும் இவ்வளவு தள்ளியாலே நிக்காவ? நான் ஒட்டிக்கிட்டு இருப்பாவன்னுல்லா நெனச்சேன்."

"அந்தத் தூரத்துலயே சேந்து போயிட்டிருக்காங்க அத்தை, பிரியாம" என்றேன். அத்தை மறுபடி குனிந்தார்கள். பின்னால் வரிசை நின்றது. சூரியன் மலைக்கு மேல் வரும்வரை அத்தை இடத்தை விடவில்லை, அப்புறம் வந்தவர்களெல்லாம் வெறும் நீலத்தைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். பெரியப்பா மட்டும் தெரிந்தது என்றார்.

சாயங்காலம் வண்டியில் சாமான் ஏற்றும்போது மவுண்டை முதலில் ஏற்றச் சொன்னது அத்தைதான். "எங்க தெருவுல எல்லாரும் அருந்ததி பாக்கணும்" என்றார்கள். அம்மா அதன் மேல் ஒரு பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினாள். இன்று விடியலில் இந்தத் தெருவே பார்த்தது.

பிப்ரவரி 6, வெள்ளி (ஈரோடு)

ரயிலில் வந்தோம். பெர்த்துக்கு அடியில் சரியாக நுழைந்தது. தாணு பயணியாக வந்து பழக்கமில்லாமல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தார்.

குடியிருப்பு இரண்டாம் மாடி. இரண்டு அறை, நல்ல காற்று. ஆனால் பின்னாலேயே ரயில்கள் நிறுத்தும் யார்டு. கோபுர விளக்குகள் ராத்திரி முழுவதும் பட்டப்பகல் மாதிரி எரிகின்றன. படுக்கையறைச் சுவரில் சன்னல் கம்பியின் நிழல்கூடத் தெரிகிறது. சாமான் வந்துவிட்டது, வானம் வரவில்லை. தாணுவிடம் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் மவுண்ட் இருக்கிறது, போர்வையைப் பிரிக்கவில்லை. கட்டிலடியும் ஒருவகைப் பரண்தான் என்று தோன்றியதும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானம் தாணுவுக்கு வண்டி. டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு சாவியை அடுப்பு மேடையில் வைத்தார்.

"மொட்டமாடிச் சாவி. பூட்டித்தான் கெடக்கும். தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு."

இருட்டத் தொடங்கியதும் ஏறினேன், ஒரே நடையில், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. கதவைத் திறந்ததும் யார்டு வெளிச்சம் முகத்தில் அறைந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னாரே என்று தொட்டியைச் சுற்றிப் போனேன்.

தொட்டியின் நிழல் கரேலென்று விழுந்திருந்தது. அதற்குள் நுழைந்து அண்ணாந்தால் தெற்கு வானம் அப்படியே திறந்து கிடக்கிறது. அகத்தியர் நட்சத்திரம்கூடக் கண்ணுக்கே தெரிந்தது.

தரையில் வெள்ளைப் பெயிண்டில் மூன்று வட்டம். தண்டவாளத்து ஓரத்தில் வண்டி எதுவரை நிற்கலாம் என்று அடிப்பார்களே, அந்த மாதிரி அழுத்தமான வெள்ளை. ஒரு வட்டத்துக்கு முன்னால் அம்புக்குறி போட்டு 'வ' என்று எழுதியிருந்தது. ஸ்டாண்டின் கால்களை வைத்தேன். மூன்றும் மூன்று வட்டத்தில் உட்கார்ந்தன. வடக்கு பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

கொஞ்சம் தள்ளி, சுவர் ஓரமாக, நான்காவதாக ஒரு வட்டம் இருந்தது. அது எதற்கென்று புரியவில்லை.

வியாழன், அப்புறம் ஓரியன் நடுவே இருக்கும் மேகம். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் வந்தார். இட்லி வைத்துக்கொண்டே கேட்டேன், எப்போது பெயிண்ட் அடித்தது என்று. டிசம்பரிலாம், நான் போன் எடுக்காத வாரம். கால் அகலத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அப்பா அளந்து சொல்லிவிட்டு என்னிடம் மூச்சுவிடவில்லை.

"நாலாவது வட்டம் எதுக்கு?"

இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "அது நான் இருக்கதுக்கு. குழாய் திரும்பும்போ இடிக்கக் கூடாதுல்லா. சுத்தளவு பாத்துத்தான் தள்ளிப் போட்டுருக்கேன்."

என் விதிகளில் இது இல்லை. ஒருத்தியே தூக்க வேண்டும், ஒருத்தியே பார்க்க வேண்டும் என்றுதான் நான் மூன்று மாதம் அளந்துகொண்டிருந்தேன். சட்னி எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன்.

சாயங்காலம் அவருக்கு ஓய்வு. மவுண்டை நான்தான் தூக்கினேன், கொடுக்கவில்லை. அவர் கூடத்து நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஏறி வந்தார்.